ஒரே ஷொட்டில் ஒரு மரை

கிரெக் என்னிடம் கேட்டது ஒரேயொரு ஷொட். துவக்கைப் பிடித்திருக்கும் ஆளும் எதிரே நிற்கும் மிருகமும் ஒரே பிரேமுக்குள் இருக்க வேண்டும். வெடி கேட்க வேண்டும், மிருகம் விழ வேண்டும், நடுவில் வெட்டு இருக்கக் கூடாது. வேட்டைப் படங்களில் முக்கால்வாசி, மானை ஒரு நாளும் ஆளை இன்னொரு நாளும் எடுத்து ஒட்டிய பித்தலாட்டம், அது தன்னுடைய கம்பனியில் நடக்காது என்றான். ஷெப்பர்ட்டனில் இருந்து வேட்டை டிவிடிக்கள் வெளியிடுகிறவன் அவன். அவனுடைய கமராக்காரன் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்கு ஓடிவிட்டான். ஜூலை முடிவதற்குள் அந்த ஷொட்டைக் கொண்டுபோனால் அடுத்த வருடத் தொடர் முழுவதும் எனக்கு.

அது 2011ஆம் ஆண்டு. நான் கிரெய்கிபர்னில் இருந்தேன். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியசாலையில் வேலை, சனி ஞாயிறுகளில் கலியாண வீடியோ. கலியாண வீடியோ என்றால் என்னவென்று எடுத்தவனுக்குத்தான் தெரியும். தாலி கட்டும் நேரம் பார்த்து யாரோ ஓர் அன்ரி லென்சுக்கு முன்னால் வந்து நிற்பார். மாமன்மார் மணவறையைச் சுற்றி வளைத்துத் தங்கள் தங்கள் போனில் எடுப்பார்கள். பிறகு வீடியோவில் தாலி தெரியவில்லை என்று என்னைத்தான் பிடிப்பார்கள். ஒரு சாமத்திய வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கும்போது சேலைத் தலைப்பு பறக்கவில்லை என்று அந்தப் பிள்ளையைத் திரும்ப ஏற்றி இறக்கச் சொன்னார் தகப்பன். அன்றைக்கு நினைத்தேன், இனி மனிதர்களைப் படம் பிடிப்பதில்லை.

தோளில் வைக்கும் பழைய கமராவை விற்று ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கியிருந்தேன். அதைக் கொண்டுபோய் நிற்கும் இடமெல்லாம், "தம்பி, இது போட்டோ கமராவெல்லோ, வீடியோ ஆர் எடுக்கிறது?" என்று கேட்டுக் கழுத்தறுத்தார்கள். கையடக்கமான அந்தச் சாமானுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மனிதக் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிற விடியற்காலையில் அது நிறம் பார்க்கும். ஆனால் வீடியோ ஓடும்போது தானாகப் போகஸ் பண்ணாது, வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். பன்னிரண்டு நிமிடம் ஆனதும் தானாக நின்றுவிடும். அது பரவாயில்லை, மனிதர்களை விட நல்லது.

வேட்டைக்காரன் கிடைத்ததும் ஒரு கலியாண வீட்டில்தான். ஸ்பிரிங்வேலில் இருந்த அப்பளசாமி அங்கிள் மலேசியாக்காரர், பேராக் பக்கம். லொறி மெக்கானிக், பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவார். அவருடைய மருமகளின் கலியாணத்தில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து அமர்ந்து, பர்சிலிருந்து படங்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் ஒரு சாய்ந்த மரையும் அதன் கொம்பைப் பிடித்தபடி அவரும். நாங்கள் மரை என்பதை அவர் சம்பார் என்பார். துவக்கு லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் எல்லாம் வைத்திருந்தார். கிரெக்கின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கமராவைக் கையில் வாங்கி, பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல நல்லா தெரியுமா தம்பி, இருட்டுல?"

"எங்கட கண்ணை விட நல்லாத் தெரியும், அங்கிள்."

"அப்ப போவலாம்" என்றார்.

முதல் பயணம் என் வீட்டு வாசலிலேயே முடிந்தது. எல்லா வேட்டைப் படமும் ஒரு கேள்வியோடுதான் தொடங்கும், கிரெக் அதையும் எழுதித் தந்திருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கிள் பின்தட்டு வைத்த தன் யூட் வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். எப்போதும் மத்தியானம்தான் வருவார், பொழுதுபட முதல் காட்டுப் பக்கம் மேன்ஸ்ஃபீல்ட் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பார். நான் கமராவை ஓடவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாக அவர் முகத்துக்குப் பிடித்து, உற்சாகமாகக் கேட்டேன்.

"அங்கிள், இண்டைக்கு எங்க போறம்?"

அவர் முகம் விழுந்துவிட்டது. யூட்டின் எஞ்சினை நிறுத்தினார்.

"கெளம்புறப்ப எங்க போறேன்னு கேட்டுட்டியே லா. இனிமே போனா வெளங்குமா?"

வேட்டைச் சாமான்களோடு அப்படியே திரும்பி ஸ்பிரிங்வேலுக்குப் போய்விட்டார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலில் கமராவோடு நின்றேன். தாரகா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். என் மனைவிக்கு இந்த வேட்டை விஷயம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"அந்தாள் ஏன் போகுது?"

"எங்க போறம் எண்டு கேட்டிட்டன்."

"ஐயோ, புறப்படேக்க ஆரும் அப்பிடிக் கேப்பினமே? உங்களுக்கு அறிவில்லையே?" என்று அவளும் எனக்குத்தான் ஏசினாள்.

நியாயம்தான். யாராவது அப்படிக் கேட்டால் என் அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். பிழை என்னுடையது என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை வாயே திறக்கவில்லை. மேன்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் காட்டோரம் அவர் நிறுத்தி வைத்திருந்த கரவான் வண்டியில் தூங்கி எழுந்து, நடந்து போய் ஓர் இறக்கத்தின் மேல் உட்கார்ந்தோம். குளிர் எலும்பைக் குடைந்தது. கீழே மூடுபனிக்குள் ஏதோ அசைந்தது போலிருந்தது, நான் வளையத்தைத் திருப்பினேன், அந்த நேரம் எனக்குத் தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல். அங்கிள் துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, குண்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது தும்மல் வருதா பாரு."

வரவில்லை. எவ்வளவோ முயன்றேன், மூக்குக்குள் புல்லைக்கூட விட்டுப் பார்த்தேன். அவர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு தும்மலுக்காக ஆனி மாதத்து முகூர்த்தம் ஒன்றை விட்டுவிட்டு வந்தவன் நான்.

அடுத்த இரண்டு முறையும் முனியாண்டி பூசை. யூட்டின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைச் சூலம் வைத்திருந்தார். அதை எடுத்து ஒரு மரக்குற்றியில் நட்டு, எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் கொளுத்தி, சுருட்டுப் பற்றவைத்து முன்னால் வைப்பார். முனியாண்டி அந்தச் சுருட்டைக் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது. அது எரிந்து முடிய, சூரியன் மலைக்கு மேலே வந்து எங்கள் முகத்தில் அடிக்கும். மரைகள் எல்லாம் வயிறு நிரம்பப் புல் மேய்ந்துவிட்டுப் பற்றைக்குள் படுக்கப் போயிருக்கும். அந்தப் புகை மணத்துக்கு இருக்கிற ஒன்றிரண்டும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஓடியிருக்கும். பிறகு பகல் முழுக்க நடப்போம். அங்கிள் வழியில் கிடக்கும் சாணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் போயிருக்கு" என்பார். அவர் சொன்ன எல்லாமே இப்போதுதான் போயிருந்தன.

கிரெக் போன் எடுத்துக் கேட்டான், என்ன பிரச்சினை என்று. முனியாண்டிக்குச் சுருட்டு முடியவில்லை என்று இங்கிலீசில் எப்படிச் சொல்வது? காலநிலை சரியில்லை என்றேன். தனக்கு வேறு இருவர் மாதிரிப் படம் அனுப்பியிருப்பதாகச் சொன்னான். இந்த மாதக் கடைசியோடு சரி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைசி வாரம் நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். புறப்படும்போது வாயைக் கட்டினேன். மூக்கை ஒரு லேஞ்சியால் கட்டினேன். கரவானுக்குப் போய்ச் சேர்ந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே நானே குற்றியைத் தூக்கிவந்து வைத்தேன்.

"அங்கிள், பூசையை இப்பவே செய்யுங்கோ. எவ்வளவு நேரம் வேணுமெண்டாலும் எடுங்கோ. ரெண்டு சுருட்டுக் குடுங்கோ. ஆனா விடிய எழும்பின உடன நடக்கிறம்."

"காலையில குடுக்கிறதுதான் தம்பி வழக்கம்."

"எங்கட ஊரில பின்னேரம்தான் குடுக்கிறது" என்று பொய் சொன்னேன். எங்கள் ஊரில் முனியாண்டியே கிடையாது.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பழத்தை வெட்டினார்.

விடிகிறதா இல்லையா என்று தெரியாத வெளிச்சத்தில் போய் இருந்தோம். விழுந்து கிடந்த ஒரு யூக்கலிப்டஸ் மரம், அதன் மேல் அங்கிள் சாய்ந்துகொண்டார். நான் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் முக்காலியை நிறுத்தினேன். பிரேமின் வலது பக்கத்தில் அவர் கன்னம், தோள், துவக்கின் குழல். இடது பக்கத்தில் கீழே விரிந்து கிடந்த வெறும் புல்வெளி. கிரெக் வரைந்து காட்டியது போலவே இருந்தது. அவருக்கும் புல்வெளிக்கும் ஒன்றாகப் போகஸ் கிடைக்க அப்பேச்சர் துவாரத்தை இறுக்கினேன், வெளிச்சம் குறைந்து படம் மணல் மணலாகத் தெரிந்தது, கொஞ்சம் தளர்த்தினேன். பற்றரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி மாட்டினேன். இந்த ஆயத்தம் ஒரு கலியாணத்துக்கும் நான் செய்ததில்லை.

மரை வந்தது.

பற்றையை விலக்கிக்கொண்டு சத்தமே இல்லாமல் வந்து, புல்வெளியின் நடுவில் பக்கவாட்டாக நின்றது. பதிவுப் பொத்தானைத் தட்டினேன், திரையில் சிவப்புப் புள்ளி வந்தது. எண்கள் ஓடத் தொடங்கின. போகஸ் காதோரத்தில் இருந்து நழுவியது, பிடித்தேன், திரும்ப நழுவியது, பிடித்தேன். வெளிச்சம் அரை ஸ்டொப் குறைவு. பரவாயில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓர் அன்ரியும் குறுக்கே இல்லை.

"அங்கிள், நிக்குது. சுடுங்கோ" என்று காற்றோடு காற்றாகச் சொன்னேன்.

அவர் துவக்கை உயர்த்தினார். குழல் மெல்ல அசைந்தது. வலது பக்கமாக. இன்னும் வலது பக்கமாக. திரையில் குழலின் நுனி பிரேமை விட்டு வெளியே போனது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிரேமைக் கெடுக்கிறாரே பாவி மனிதன், இடது பக்கம் நிற்கிற மரையை விட்டு எங்கே குறி வைக்கிறார்? பாதுகாப்புப் பூட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்து, குழல் பார்க்கும் பக்கம் பார்த்தேன்.

ஓடைப் பக்கமிருந்து ஒரு மனிதன் ஏறி வந்துகொண்டிருந்தான். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கையில் தண்ணீர் கான். கூடாரம் அடித்துத் தங்கியிருந்தவனாக இருக்க வேண்டும். குழல் அவனோடு கூடவே நகர்ந்தது.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. குழலைப் பிடித்து வானத்துக்குத் தள்ளினேன். அங்கிள் மல்லாக்க விழுந்தார். என் கால் தட்டி முக்காலி சாய்ந்தது. நல்லகாலம், வெடி தீரவில்லை. கீழே சரசரவென்று பற்றை முறிந்தது, மரை போய்விட்டது.

தண்ணீர்க் கான்காரன் எங்களைக் கண்டுவிட்டுக் கையசைத்தான். ஏதாவது கிடைத்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். குட் லக் சொல்லிவிட்டு, கானை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தன் பாட்டில் போனான்.

அங்கிள் மரத்தில் சாய்ந்தபடி கேட்டார், "அவன் யாரு தம்பி? நான் குறி வச்சது சம்பார்தானே?"

"சம்பாரோ! மனிசன்! மனிசனைச் சுடப் பாத்தியள்!"

நான் அவருடைய முகத்துக்கு நேரே விரலை நீட்டினேன், பிறகு கையைப் பக்கவாட்டில் கொண்டுபோனேன். கொஞ்ச தூரத்திலேயே விரல் அவருக்கு மறைந்துவிட்டது. கண்கள் அது முன்பிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம்" என்றார். "ஓரம் எல்லாம் போச்சு. வெளிச்சம் கொறைஞ்சா நடுவுலயும் அசையறது மட்டும்தான் தெரியும். டாக்டர் கண்ணுல பிரஷர்னாரு. வீட்ல சொல்லல. சொன்னா துப்பாக்கி போயிரும், வண்டி போயிரும். அப்புறம் நான் எதுக்கு லா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கேள்வி, தும்மல், சுருட்டு எல்லாமே அரைவெளிச்சத்தில் சுடாமல் தப்புகிற வேலை. வேறொரு கமராக்காரன் என்றால், ஒரு வெள்ளைக்காரன் என்றால், முதல் நாளே ஏன் என்று கேட்டிருப்பான், விளக்கம் சொல்ல முடியாமல் இவர் பிடிபட்டிருப்பார். நான் தமிழன். ஒற்றைத் தும்மலுக்குத் திரும்பிப் போகிற மனிதனிடம் ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர் மேலேயே காட்டினேன்.

"கண் தெரியாமத்தான் ரெண்டு மணித்தியாலம் என்னை வாகனத்தில கொண்டு வந்தனீங்களே? எனக்கு மனிசி இருக்கு! பிறகேன் வேட்டைக்கு ஓமெண்டு சொன்னனீங்கள்?"

"உன் கேமராவுலதான் இருட்டு தெரியும்னியே. அத பாத்து சுட்டுக்கலாம்னு நெனச்சேன். நீ பின்னால வச்சுட்டே, எனக்கு எட்டல."

முக்காலியை நிமிர்த்தினேன். கமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கருமம் பிடித்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். மரையும் ஆளும் ஒரே பிரேமில், அந்த வெளிச்சத்தில், என் கையால் பிடித்த போகஸில். இதைக் கிரெக்கிடம் காட்டினாலே போதும், இன்னும் ஒரு மாதம் தவணை தருவான். ஆனால் குழல் எந்தப் பக்கம் போனது என்று அவன் ஒரு நொடியில் கண்டுபிடிப்பான், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்த இடத்தை வெட்டினால், வெட்டின படம் அவனுக்கு வேண்டாம்.

"தம்பி, அத அழிச்சிரு" என்றார் அங்கிள்.

"துவக்கைத் திங்கக்கிழமை டீலரிட்ட குடுக்கிறியள். வாகனமும் இனி ஓடக் கூடாது. வீட்டிலயும் சொல்லுறியள். அப்ப அழிக்கிறன்."

அவர் துவக்கின் குண்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கரவானுக்கு நடந்தோம். சூலத்தை எடுத்துக் குற்றியில் நட்டார், கற்பூரத்தைக் கொளுத்தினார். உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்து, கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்தார்.

"உந்தச் சாமியை வைச்சுத்தானே இவ்வளவு நாளும் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"அது ஒங்கிட்ட சொன்ன பொய் தம்பி. முனியாண்டிகிட்ட சொன்னதில்ல."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கமராவை எடுத்தேன். அந்தக் கிளிப்பைப் போட்டுப் பார்த்தால் அழிக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். பார்க்கவில்லை. கார்ட்டை முழுதாக அழிக்கும் இடத்துக்குப் போய், அவருக்கும் தெரிகிற மாதிரி திரையை அவர் மூக்குக்கு நேரே பிடித்து, அழுத்தினேன். அடுத்த வருட வேலை திரையில் ஒரு கோடாக ஓடி முடிந்தது. இனிப் பழையபடி அன்ரிமார்தான், மாமன்மார்தான், ஹெலிகொப்டர்தான். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

துவக்கைப் பெட்டியில் பூட்டினார். யூட்டை நானே ஓட்டுவதென்று திறப்பை வாங்கிக்கொண்டேன். அவர் தன்னுடைய வாகனத்தில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டின் கொழுவியைத் தேடினார். அந்தப் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. நான் எட்டி மாட்டிவிட்டேன், கொஞ்சம் மூர்க்கமாகத்தான்.

நெடுந்தூரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பேசினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

"தம்பி."

"என்ன?"

"மான் எப்படி லா இருந்துச்சு?"

என்ன கேள்வி இது என்று முதலில் கோபம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவேதான் கேட்டார். அவருடைய கடைசி மரை அது, அவர் அதைக் காணவே இல்லை.

"பெரிசு" என்றேன்.

"கொம்பு?"

"கொம்பும் பெரிசுதான்."

"எத்தன கெளை?"

யோசித்தேன். மனதில் வந்ததெல்லாம் சிவப்புப் புள்ளியும், குறைந்துகொண்டு வந்த பற்றரிக் கோடும், நழுவி நழுவிப் போன ஒரு காதின் ஓரமும்தான். கொம்பு எப்படியும் அதற்கு மேலேதான் இருந்திருக்கும்.

"ஆறு" என்றேன்.

"பெரிய சம்பார் எல்லாத்துக்கும் ஆறுதான் தம்பி. நுனி ஏதாச்சும் ஒடைஞ்சிருந்துச்சா? கழுத்து மயிரு எந்தக் கலரு? தலையத் தூக்கி நின்னுச்சா, மேஞ்சுச்சா?"

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான், அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அதற்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். முகத்தைப் பார்க்க அவருக்கு அப்படித்தான் திரும்ப வேண்டியிருந்தது.

"நீயும் பாக்கலயா லா?" என்றார்.

"இல்லை அங்கிள்" என்றேன்.